சொல்ஹெய்முக்கும் சேரம்பாடிக்கும் என்ன சம்பந்தம்?

கூடலூரிலிருந்து சேரம்பாடி பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடிச்சுப் போயிருக்கீங்களா ஃப்ரெண்ட்ஸ்? வழியில் 'டேன்டீ' போர்டுகள் வந்துகிட்டே இருக்கும். அரசாங்கம் எதுக்கு இந்தக் காட்டுக்குள்ள தேயிலை போட்டுச்சு?

எல்லாம் ஒரு கையெழுத்து செஞ்ச வேலை. 1964 அக்டோபர் 30-ம் தேதி லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் போட்டாங்க. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் பாதிக்குப் பாதி பிரிச்சாங்க. 'நீங்க எங்க இருக்க ஆசைப்படறீங்க?'ன்னு அந்த மக்களை யாரும் கேட்கலை. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் வந்தது. உங்க கிளாஸ்மேட்டோட தாத்தா, பாட்டி அதில் வந்தவங்களா இருக்கலாம்.

இதை மனசில் வெச்சுக்கிட்டு அப்படியே நார்வேக்கு வாங்க. அங்கே ஒருத்தர், எரிக் சொல்ஹெய்ம். 1955-ல் பிறந்தவர். 32 வயசில் சோஷலிச இடதுசாரிக் கட்சிக்குத் தலைவர். பத்து வருஷம் அந்த நாற்காலி. 2000-ல் இலங்கைக்கு சமாதானத் தூதர். கொழும்புக்கும் வன்னிக்கும் நடுவே அலைஞ்ச அலைச்சலுக்கு 2002 பிப்ரவரியில் பலன் கிடைச்சது. அரசும் புலிகளும் போர் நிறுத்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க. அந்த டிசம்பரில் ஆஸ்லோவில் கூட்டாட்சித் தீர்வு பற்றி ஆராய இரு தரப்பும் சம்மதிச்சாங்க. உலகமே கை தட்டுச்சு.

ஆனா, மேசையில் இருந்தது ரெண்டே தரப்பு. முஸ்லிம்கள் தனிக் குழு வேணும்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க, கிடைக்கலை. 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சை நிறுத்தினாங்க. 2009 மே மாசம் போர் எப்படி முடிஞ்சதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதுக்கப்புறம் நார்வே ஒரு காரியம் பண்ணுச்சு. 'நாம எங்கே சறுக்கினோம்?'னு வெளி ஆட்களை வெச்சு ஆய்வு பண்ணி, 2011-ல் ரிப்போர்ட்டைப் பகிரங்கமா வெளியிட்டது. அப்போ சொல்ஹெய்ம் அங்கே அமைச்சர். தோத்த பரீட்சையோட பேப்பரை நோட்டீஸ் போர்டில் ஒட்டற தைரியம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கு, பாஸ்?

அவர் கிராஃப் நேர்க்கோடு கிடையாது. சுற்றுச்சூழலும் அவர் கையில் இருந்த காலத்தில், அமேசான் காட்டைக் காப்பாத்த நார்வே 100 கோடி டாலர் வரைக்கும் தர்றதா அறிவிச்சது. 2016-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர். அங்கேதான் பெரிய அடி. தணிக்கை செஞ்ச 668 நாளில் 529 நாள் பயணத்திலேயே இருந்தார்னு தணிக்கை அறிக்கை சொன்னது. பருவநிலையைக் காப்பாத்தறவர் ஓயாம ஃப்ளைட்டில் பறந்தா எப்படி? 2018 நவம்பரில் ராஜினாமா.

கதை முடிஞ்சதுன்னு நினைச்சா, 2022-ல் தமிழ்நாட்டுக்கே வந்தார். முதல்வர் தலைமையில் அமைஞ்ச காலநிலை மாற்றக் குழுவில் அவரும் ஒரு உறுப்பினர்!

அதே 2022-ல்தான் டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. நஷ்டம் ஒரு காரணம். அந்த முடிவுக்கும் சொல்ஹெய்முக்கும் சம்பந்தம் இல்லை. ஆனா கேள்வி பழைய கேள்விதான். காடு வேணும், யானைக்கு வழி வேணும், சரி. லயன் வீட்டில் இருக்கிற குடும்பம் எங்கே போகும்? தோட்டத் தொழிலாளர்கள் அதைக் கேட்டுத்தான் ரோட்டுக்கு வந்தாங்க.

பெரிய தலைவர்களோட வாழ்க்கையைப் படிக்கும்போது பதவிகளை மட்டும் எண்ணாதீங்க. அவர் உட்கார்ந்த மேசையில் யாருக்கு நாற்காலி போடலைன்னும் பாருங்க. சாஸ்திரி நல்லவர், சொல்ஹெய்முக்கும் அக்கறை இருந்தது. நல்ல மனசு இருந்தும், கூப்பிடாமல் விட்டவங்க தலையிலதான் கடைசியில் பாரம் விழுந்தது.

நாளைக்கு உங்களில் ஒருத்தர் கலெக்டர் ஆகலாம், எம்.எல்.ஏ. ஆகலாம். கூடலூர் நிலத்தைப் பத்தி, காட்டைப் பத்தி ஒரு ஃபைல் மேசைக்கு வரும். பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி, சேரம்பாடிக்காரர் ஒருத்தருக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க!