பிக்கப் வண்டிக்கு ஏற்ற இஞ்சின் எண்ணெய்

நெல் மூட்டையும் வாழைத்தாரும் உரமும் ஏற்றிச் செல்வதற்கென்று மிராசுதாரர்களில் அநேகர் இக்காலத்தில் டீஸல் பிக்கப் வண்டி வைத்திருக்கின்றனர். அவர்களுடைய கொட்டகைகளில் ஒரு பீப்பாய் இஞ்சின் எண்ணெய் இருப்பதையும், டிராக்டருக்கும் பம்பு இஞ்சினுக்கும் பிக்கப் வண்டிக்கும் அதிலிருந்தே மொண்டு ஊற்றப்படுவதையும் பல கிராமங்களில் காண்கிறோம். மொத்தமாய் வாங்கினால் விலை சகாயம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். பழைய வண்டிகளுக்கு இவ்வழக்கத்தால் பெரிய தீங்கு நேரவில்லை. ஆனால் 2020-ம் வருஷத்துக்குப் பின் வாங்கிய வண்டிகளுக்கு இது தகாது என்பது எனது அபிப்பிராயம். அதன் காரணத்தைச் சற்று விரிவாய்ச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2020-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல் நம் தேசத்தில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதி அமலுக்கு வந்தது. டீஸலிலுள்ள கந்தகம் பத்து லட்சம் பங்குக்கு 50 பங்காக இருந்தது 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இவ்விதிக்கு இணங்கச் செய்த டீஸல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் புகைப்போக்கில், கரித்தூளைப் பிடித்து நிறுத்தும் வடிகட்டியொன்று பொருத்தப்பட்டிருக்கிறது. தேனடை போல் நுண்ணிய அறைகளை உடையது அது. கரி மிகுதியாய்ச் சேர்ந்ததும் இஞ்சினே புகையின் சூட்டை உயர்த்தி அதை எரித்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. எந்த இஞ்சினும் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சிறிதளவு எண்ணெயை எரிக்கவே செய்கிறது. எண்ணெயில் அழுக்கு நீக்குவதற்கும் தேய்வைத் தடுப்பதற்கும் சேர்க்கப்படும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் முதலியவற்றின் உப்புக்கள் அப்பொழுது சாம்பலாகி வடிகட்டியில் தங்கிவிடுகின்றன. நாளடைவில் அறைகள் அடைபட்டு, வண்டி இழுவை குன்றி, எச்சரிக்கை விளக்கு எரியும். பின்னர் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும், அல்லது புதிது போடவேண்டும். பீப்பாய் எண்ணெயில் பல வருஷம் மிச்சம் பிடித்தது அந்த ஒரு செலவில் போய்விடும்.

ஆகவே, டப்பாவில் முதலில் பார்க்கற்பாலது விலையன்று. அமெரிக்க பெட்ரோலியக் கழகத்தின் தரக்குறியேயாம். அக்குறியில் எஸ் என்னும் எழுத்தில் தொடங்குவது பெட்ரோல் இஞ்சினுக்கும், ஸி என்பதில் தொடங்குவது டீஸல் இஞ்சினுக்கும் உரியது. நம் கடைகளில் சாதாரணமாய்க் கிடைக்கும் ஸி.ஐ.-4 என்பது 2002-ல் ஏற்பட்ட தரம்; நல்ல எண்ணெய்தான்; ஆயினும் அதில் சாம்பலுக்கு வரம்பு விதிக்கப்படவில்லை. 2006-ல் வந்த ஸி.ஜே.-4, 2016-ம் வருஷம் டிசம்பரில் வந்த ஸி.கே.-4 ஆகிய இரண்டிலும் சாம்பல் நூற்றுக்கு 1 பங்கைத் தாண்டலாகாது என்பது நிபந்தனை. சில கம்பெனிகள் ஐரோப்பிய சங்கத்தாரின் குறியையோ, தங்கள் சொந்தக் குறியையோ கைப்புத்தகத்தில் அச்சிட்டிருப்பர். வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ளதே முடிவானது. கடைக்காரர் சொல்லும், மெக்கானிக் சொல்லும் அதற்கு அடுத்தபடி. அப்புத்தகம் பெட்டியடியில் உறையோடு கிடப்பதுதான் பெரும்பாலும் நாம் காண்பது.

கனம் குறித்த எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 15 டபிள்யூ 40 என்பதில் முன்னெண் குளிரில் எண்ணெய் இளகியிருக்கும் தன்மையையும், பின்னெண் 100 டிகிரி செண்டிகிரேட் சூட்டில் அதன் கனத்தையும் குறிப்பன. 15 டபிள்யூ எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரியில் சோதிக்கிறார்கள். நீலகிரியிலும் அவ்வளவு குளிர் இல்லை. கனமான எண்ணெயே இஞ்சினைக் காக்கும் என்று எண்ணி, புத்தகத்தில் 30 என்றிருக்க 50 வாங்கி ஊற்றுவோர் உளர். காலையில் இஞ்சினைக் கிளப்பியவுடன் அது மேற்பாகங்களுக்கு ஏறத் தாமதிக்கும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இனி, டிப்ஸ்டிக் விஷயம். டீஸல் இஞ்சினில் புது எண்ணெய் சில நாளிலேயே கறுப்பது இயல்பு. கரியை அது தன்னுள் தாங்கிக்கொண்டு வேலை செய்கிறது என்பதற்கே அது அடையாளம். கறுப்பைக் கண்டு அஞ்சுவோர், அளவு உயர்வதைக் கண்டு அஞ்சுவதில்லை. "எண்ணெய் குறையவேயில்லை, ஏறியிருக்கிறது" என்று ஒரு குடியானவர் என்னிடம் சந்தோஷமாய்ச் சொன்னதுண்டு. வயலுக்கும் கமிட்டிக்குமாகச் சொற்ப தூரம் ஓடி நிற்கும் வண்டிகளில், வடிகட்டியிலுள்ள கரி எரிந்து முடிவதற்குள் இஞ்சினை நிறுத்திவிடுகிறோம். அக்கரியை எரிப்பதற்காகப் பல இஞ்சின்களில் மிகையாய்த் தெளிக்கப்படும் டீஸலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயில் கலக்கிறது. அளவு ஏறியது எண்ணெயால் அன்று, டீஸலால். அவ்வெண்ணெய் நீர்த்துப்போய்ப் பேரிங்குகளைக் காக்கும் சக்தியை இழக்கும். விளக்கு எரிந்தால், கைப்புத்தகம் கூறியபடி பெருஞ்சாலையில் சீரான வேகத்தில் வண்டியை ஓட்டி, கரி எரிந்து முடிந்தபின் நிறுத்துக. மேற்கோட்டைத் தாண்டி எண்ணெய் நின்றால், கெடு வரும் வரை காத்திராமல் மாற்றிவிடுக.

ஒரே பீப்பாய்தான் வைக்க இயலும் என்பார்க்கு நான் கூறுவது: தாழ்ந்ததை எல்லாவற்றுக்கும் ஊற்றாமல் உயர்ந்ததை வாங்கி வையுங்கள். ஸி.கே.-4 எண்ணெய், ஸி.ஐ.-4 கேட்கும் பழைய டிராக்டர் இஞ்சின்களுக்கும் பொருந்தும். டீஸலில் கந்தகம் குறைந்துவிட்டபடியால் அதற்குத் தடையுமில்லை. எஃப்.ஏ.-4 என்ற பெயரில் வரும் இளகிய எண்ணெய் மட்டும் பழைய இஞ்சின்களுக்கு ஆகாது. டிராக்டரின் கியர் பெட்டிக்கும் எண்ணெயில் முழுகும் பிரேக்குக்கும் உரிய எண்ணெய் வேறு. அதை எந்த இஞ்சினிலும் ஊற்றலாகாது. கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த சாம்பல் எண்ணெயைச் சிறு டப்பாக்களில் சரக்கு வைக்குமாயின், பீப்பாய் வாங்கும் அவசியமே பலருக்கு இராது. சங்க நிர்வாகிகள் இதைக் கவனிப்பார்களாக.

காலி டப்பாவை முழுசாய் விற்றுவிடாமல் ஆணியால் துளைத்துப் போடவேண்டும். கலப்பட எண்ணெய் மறுபடி நம்மிடம் வருவது அந்த டப்பாக்களில்தான். வடித்த பழைய எண்ணெயை வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றருகிலும் கொட்டுவது கேடு. 2016-ம் வருஷத்திய அபாயக் கழிவு விதிகளின்படி அது அநுமதி பெற்ற மறுசுத்தி ஆலைகளுக்கே சேரவேண்டியது. கிராம உத்தியோகஸ்தர்கள், எண்ணெய் மாற்றும் பட்டறைகளில் அதற்கென மூடியுள்ள பீப்பாய் ஒன்று வைத்திருக்கிறார்களா என்று விசாரிக்கலாம்.