ஆண்டாளுக்கு இனிஷியல் இல்லை

எங்கள் குடும்பத்தில் பி.காம். தேறியவன் நான் ஒருவன்தான். அதற்காக டெபிட், கிரெடிட் சந்தேகம் கேட்டு யாரும் என்னிடம் வருவதில்லை. பாரத்தோடுதான் வருவார்கள். ரேஷன் கார்டு பாரம், இன்ஷூரன்ஸ் பாரம், காஸ் கனெக்‌ஷன் பாரம்... ‘‘காமர்ஸ் படிச்ச பிள்ளை, கட்டம் தப்பாது’’ என்று ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலுமாக ஒரு முப்பது சொந்தக்காரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

2022 நவம்பர் வரைக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு ஒரு பெரியம்மா உண்டு. பெயர் ஆண்டாள். அந்த ஊரில் ‘ஆண்டாள்’ என்று கூப்பிட்டால் நாலு வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம். பெரியப்பா தவறிப் போன பிறகு வீட்டிலேயே விறகடுப்பு மூட்டி, பால்கோவா கிண்டி, கடைக்குப் போட்டே ஒரே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தவர். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை. மகளுக்குத் தலைப்பிரசவம், டிசம்பரில் நாள் குறித்திருந்தார்கள். அங்கே அவளுக்கு ஒரு வாய் ரசம் சாதம் கரைத்துக் கொடுக்க ஆள் இல்லை. பெரியம்மா போயே ஆகவேண்டும்.

பாஸ்போர்ட் இருந்தது. விசிட் விசாவை மாப்பிள்ளை எடுத்து அனுப்பிவிட்டார். டிக்கெட் போட்டாயிற்று. நானும் பெரியம்மாவும் வாடகைக் காரில் தென்காசி, செங்கோட்டை, புனலூர் வழியாகத் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தோம். வழி நெடுக பெரியம்மா மடியில் ஒரு பை. உள்ளே மகளுக்குப் பிடித்த பால்கோவா.

கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரைப் பார்த்தார். இந்த வரிசையில் ஒருவர் மூன்று தடவை பார்த்தால் சமாசாரம் சரியில்லை என்று அர்த்தம்.

‘‘அம்மா பேரு இவ்வளவுதானா?’’

‘‘ஆமாம்மா, ஆண்டாள்’’ என்றார் பெரியம்மா, பெருமையாக.

‘‘ஒத்தைப் பேரு இப்ப அங்கே எடுக்க மாட்டாங்கம்மா. நேத்துதான் சர்க்குலர் வந்துச்சு.’’

உண்மைதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், கொடுத்த பெயர் இரண்டும் இல்லாமல் ஒரே ஒரு சொல் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லி, 2022 நவம்பர் 21-ஆம் தேதி முதல் அது அமலுக்கு வந்திருந்தது. அங்கேயே குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாங்கள் போய் நின்றது 22-ஆம் தேதி. ஒரே ஒரு நாள் சார்!

‘‘விசா இருக்கே மேடம்?’’ என்று காகிதத்தை ஆட்டினேன்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. விசா என்பது வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட இலை போட்டாயிற்று என்று அர்த்தமில்லை. வாசல் வரை வந்து கதவைத் தட்டலாம் என்று அர்த்தம். திறப்பதும் திறக்காததும் உள்ளே நிற்கிற குடிநுழைவு அதிகாரியின் கையில்.

சரி, அது துபாய் அதிகாரியின் பாடு. திருவனந்தபுரத்திலேயே ஏன் மறிக்கிறார்கள்? அதற்கும் கணக்கு இருக்கிறது. கொண்டு போய் இறக்கிய பயணியை அந்த நாடு உள்ளே விடாவிட்டால், ஏற்றி வந்த விமானக் கம்பெனிதான் திருப்பி அழைத்துக்கொண்டு போகவேண்டும். 1944-ல் சிகாகோவில் கையெழுத்தான விமான உடன்படிக்கையின் 9-ஆம் இணைப்பு அப்படித்தான் சொல்கிறது. அதனால் எந்த நாட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று ‘டிமாட்டிக்’ என்ற ஒரு தகவல் தொகுப்பை வைத்துக்கொண்டு கவுன்ட்டரிலேயே சரிபார்த்துவிடுகிறார்கள். அந்தப் பெண் மேல் தப்பே இல்லை. அவரே எழுந்து போய்ப் பெரியம்மாவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கி வந்து கொடுத்தார்.

தப்பு யார் மேல் என்பதைக் காரில் திரும்பும்போது பெரியம்மா கண்டுபிடித்தார்.

‘‘ஏய்யா, இந்தப் பாஸ்போர்ட்டுக்கு அப்ப பாரம் எழுதினது யாரு?’’

நான் ஜன்னல் வழியாக ஆரியங்காவு மலையின் இயற்கை அழகை ரசிக்க ஆரம்பித்தேன். நடு ராத்திரி. ஒன்றும் தெரியவில்லை.

அடியேன்தான் சார்! ஆன்லைன் பாரத்தில் ‘கொடுத்த பெயர்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. அதாவது கட்டாயம். ‘குடும்பப் பெயர்’ கட்டத்துக்கு நட்சத்திரம் இல்லை. கட்டாயமில்லாததை நிரப்புவானேன் என்று சும்மா விட்டுவிட்டேன். லெட்ஜரில் ஒரு கட்டத்தை சும்மா விட்டால் வருஷக் கடைசியில் கழுத்தைப் பிடிக்கும் என்று காலேஜில் மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட்டுக்கும் அது பொருந்தும் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் முழுக்க எனக்கு ஒரே யோசனை. எங்கள் வட்டாரத்தில் யாருக்குத்தான் குடும்பப் பெயர் இல்லை? நாய்க்கு இருக்கிறது. வெறும் நாய் இல்லை, ‘ராஜபாளையம்’ நாய். 2005-ல் அதற்குத் தபால் தலையே போட்டார்கள். பால்கோவாவுக்கு இருக்கிறது. ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ பால்கோவா என்று 2019-ல் புவிசார் குறியீடு வாங்கி, முன்பெயர் பின்பெயரோடு ஜம்மென்று நிற்கிறது. எங்கள் ஊர்க்காரர், 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட பி.எஸ்.குமாரசாமி ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். பூசப்பாடி என்ற வீட்டுப் பெயர், சஞ்சீவி என்ற அப்பா பெயர், குமாரசாமி, அதற்கு மேல் ராஜா. எந்த நாட்டு அதிகாரி எத்தனை கட்டம் நீட்டினாலும் நிரப்பிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம்.

பால்கோவா கிண்டியே குடும்பத்தைக் கரையேற்றிய எங்கள் பெரியம்மாவுக்கு ஒரே ஒரு சொல்!

அட, அசல் ஆண்டாளுக்கே இனிஷியல் இல்லையே? பெரியாழ்வார் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த குழந்தை. பிறந்த இடம்: நந்தவனம். பெற்றோர் பெயர்: கட்டத்தை விட்டுவிடவும். அவள் சூடிய மாலை இன்றைக்கும் வருஷா வருஷம் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகிறது. சித்திரையில் மதுரைக்கு அழகரிடம் போகிறது. எந்த கவுன்ட்டரிலும் ‘முழுப் பெயர் என்ன’ என்று யாரும் மறித்ததில்லை.

நம்மை மறிக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் போட்டோ இருக்கும் பக்கத்தின் அடியைப் பாருங்கள். வரிக்கு 44 எழுத்தாக இரண்டு வரி இருக்கும். அது மனிதர்கள் படிக்க அல்ல, மெஷின் படிக்க. அதில் குடும்பப் பெயருக்கு ஓர் இடம், கொடுத்த பெயருக்கு ஓர் இடம். இல்லாத இடத்தை அம்புக்குறி போட்டு நிரப்பியிருப்பார்கள். பெரியம்மா பாஸ்போர்ட்டில் பெயரைவிட அம்புதான் ஜாஸ்தி. யுத்த காண்டம் மாதிரி இருந்தது.

அமெரிக்கா வேறொரு வழி வைத்திருக்கிறது. ஒற்றைப் பெயர்க்காரரின் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று விசாவில் அடித்துவிடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம். அப்படிப் போய் இறங்கிய நம் பையன்களை ‘மிஸ்டர் ஃப்னு’ என்று கூப்பிட்ட கதைகள் ஏராளம். பத்து மாதம் சுமந்து பெற்று, ஜாதகம் பார்த்து வைத்த பெயர் ஃப்னு!

விஷயத்துக்கு வருகிறேன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரைச் சேர்த்து மறுபடி வாங்கிவிடலாம் என்று பஜாரில் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். அங்கே பாரம் தட்டிக் கொடுப்பவர் ரொம்ப அனுபவஸ்தர். பெரியம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

‘‘இதுக்கு ஏன் சார் மண்டையை உடைச்சுக்கிறீங்க? சாதிப் பேரை ரெண்டாவது கட்டத்துல போட்டுருவோம். ரெண்டு சொல் ஆயிடுச்சுல்ல, வேலை முடிஞ்சுது.’’

எனக்கும் ஒரு நிமிஷம் ‘அட, சுலபமா இருக்கே’ என்றுதான் பட்டது. பொய் சொல்வானேன்?

பெரியம்மா சேரை விட்டு எழுந்துவிட்டார்.

‘‘அதை எங்க அப்பா சின்ன வயசுலயே கழட்டிப் போட்டாரு தம்பி. அதனால அவருக்குச் சொந்தத்துல பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. பொண்ணு கட்டிக் கொடுக்கிறப்ப எத்தனை பேரு கேட்டான் தெரியுமா? அப்பவே அவரு போட்டுக்கலை. இப்ப ஒரு ஏரோப்ளேனுக்காக நான் போட்டுக்கணுமா?’’

ஜெராக்ஸ் மெஷின்கூட ஒரு கணம் நின்ற மாதிரி இருந்தது.

நமக்கு ஏன் குடும்பப் பெயர் இல்லை என்று வெளிநாட்டில் கேட்டால் அசட்டுச் சிரிப்பு சிரிக்கிறோம். நம்மிடம் இல்லாமல் இல்லை சார். இருந்ததைக் கழற்றினோம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டாதீர்கள் என்று தீர்மானம் போட்டார்கள். ஊர் ஊராக எத்தனையோ அப்பாக்கள், தாத்தாக்கள் வாலை வெட்டிவிட்டு அப்பா பெயரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டார்கள். அந்த ஒற்றை எழுத்து பாஸ்போர்ட் பாரத்தில் செல்லாது. அங்கே இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். காலியாகக் கிடக்கிற அந்தக் கட்டம் நம் மறதி இல்லை. நம் தாத்தாக்களின் முடிவு. அதில் மறுபடி வாலை ஒட்ட வேண்டிய அவசியமும் இல்லை. அப்பா பெயரை எழுதலாம். கணவர் பெயரை எழுதலாம். எந்தச் சட்டமும் சாதியைத்தான் எழுது என்று சொல்லவில்லை.

‘‘அப்ப யார் பேரு பெரியம்மா? தாத்தாவா, பெரியப்பாவா?’’

‘‘எங்க அப்பா பேரு போடு. அவரு கழட்டுன இடத்துல அவரே உக்காரட்டும்.’’

நல்லவேளை, அந்தப் பாரம் அப்போது தேவைப்படவில்லை. அதே வாரத்தில் விமானக் கம்பெனிகளுக்கு விளக்கம் வந்துவிட்டது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஒற்றைப் பெயர்க்காரர்களையும் ஏற்கலாம் என்று. நம் பாஸ்போர்ட்டில் அப்பா, அம்மா பெயரெல்லாம் அச்சாகியிருக்கும் கடைசிப் பக்கத்தைத்தான் அவர்கள் இரண்டாம் பக்கம் என்கிறார்கள். பெரியம்மாவின் கடைசிப் பக்கத்தில் தாத்தா இருந்தார்.

இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. விமானக் கம்பெனிக்கு மாப்பிள்ளையை விட்டு எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்லி, பதிலை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். டிசம்பர் முதல் வாரத்தில் பெரியம்மா ஏறினார். பழைய டிக்கெட்டில் பாதிப் பணம் போனது. அதை நான் கொடுத்தேன். பாரம் பூர்த்தி செய்த கூலி!

இதைப் படிக்கிற தம்பிகளுக்கும் ஆபீஸ் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கம்பெனி அனுப்புகிறது, மச்சான் கூப்பிடுகிறான் என்று திடீரென்று ஒருநாள் வரும். அதற்கு முன்னால், இன்று ராத்திரியே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுங்கள். இரண்டு பெயர்க் கட்டமும் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அவசரம் இல்லாதபோதே திருத்தி வாங்குங்கள். டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும். செல்லப் பெயர், நியூமராலஜி எழுத்தெல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு போகட்டும். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதமாவது பாக்கி வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும்.

‘விசாவே வேண்டாம்’ என்கிற நாடு என்றாலும் அசந்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசியா அறிவித்தது. அடுத்த மாதமே, வருவதற்கு முன்னால் ஆன்லைனில் வருகைப் படிவம் நிரப்பு என்றது. விசா போகும், பாரம் போகாது! அப்புறம், அந்த 30 நாள் சுற்றிப் பார்க்க. அதில் போய் வேலைக்குச் சேர்ந்துகொள்ளலாம், பிறகு மாற்றித் தருகிறேன் என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், அவரை முதலில் போய்ச் சேர்ந்துவிட்டுக் கடிதம் போடச் சொல்லுங்கள்.

பெரியம்மா பிரசவத்துக்கு நாலு நாள் முன்னால் போய்ச் சேர்ந்தார். பெண் குழந்தை. பிறப்பைப் பதிய மாப்பிள்ளையிடம் ஒரு பாரம் கொடுத்தார்களாம். ராத்திரி எனக்கு போன்.

‘‘மச்சான், பாப்பாவுக்கு கோதைன்னு வெச்சிருக்கோம். ரெண்டாவது கட்டத்துல என்ன போடறதுன்னு அத்தைகிட்ட கேட்டா, உங்ககிட்ட கேக்கச் சொல்றாங்க. ‘அவன்தான் காமர்ஸ் படிச்சவன்’ங்கிறாங்க.’’

இவ்வளவுக்குப் பிறகும் நம்பிக்கை!

நான் ஒன்றும் பெரிதாக யோசிக்கவில்லை. ‘‘ஆண்டாள்னு போடுங்க மாப்ளே’’ என்றேன்.

போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டிலும் அப்படியே வந்துவிட்டது. பேத்தியின் குடும்பப் பெயர் ஆண்டாள். போன ஆடிப்பூரத் தேருக்கு வந்திருந்தாள். தேரடியில் கூட்டத்துக்கு நடுவே யாரோ ‘‘பாப்பா, உன் பேரு என்ன?’’ என்று கேட்டார்கள்.

‘‘கோதை ஆண்டாள்.’’

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ‘‘ரெண்டு கட்டமும் நிரம்பிடுச்சாய்யா?’’ என்றார்.