சுவர் வெடித்தால் யார் பொறுப்பு?

மெட்ரோ ரயிலானது கொட்டிவாக்கம் பக்கம் தூண்களின் மேலும், மயிலாப்பூர் பக்கம் பூமிக்கடியிலும் போகும்படி திட்டமிட்டிருக்கின்றார்கள். ஆதலால் சுரங்கத்தைப் பற்றி நமக்கென்ன என்று நம்மூரார் சிலர் சொல்லுகின்றார்கள். அவர்கள் பெண் கொடுத்த வீடு மயிலாப்பூரில் இல்லையா?

சுவர் வெடித்ததும் மனையடி சாஸ்திரக்காரனைத் தேடுகிறவர்கள் சங்கதி இருக்கட்டும். காரணம் தெரிந்ததேயாகும். துளைக்கும் இயந்திரம் முகப்பு மண்ணைச் சரியாகத் தாங்கிப் பிடிக்காவிட்டால் மண்ணும் நீரும் உள்ளே சரியும்; மேலே தரை இறங்கும். 2017 ஏப்ரல் 9-ந் தேதி அண்ணாசாலைப் பள்ளத்தில் ஒரு பஸ்ஸும் காரும் இறங்கின. 2019 ஆகஸ்டில் கல்கத்தா பவ்பஜாரில் இயந்திரம் நிலத்தடி நீரில் முட்டி, வீடுகளே இடிந்தன.

தடுக்க வழியுமுண்டு. மண்ணுக்குள் சிமெண்டுக் குழம்பு செலுத்தலாம்; சுவரில் குறி பதித்து மட்டம் பார்க்கலாம்; அளவு மீறினால் குடியிருப்போரை அப்புறப்படுத்தலாம். இவற்றிற்கெல்லாம் முன்னால் வீட்டின் பழைய வெடிப்புகளைப் படம்பிடித்து எழுதிவைக்கின்றார்கள். அந்தக் கணக்கின் நகல் வீட்டுக்காரன் கையில் இருக்கவேண்டாமா? நகலில்லாதவன் வாயை "இது பழைய வெடிப்பு" என்ற ஒரே வார்த்தையால் அடைத்துவிடலாமே! வாடகைக்கு இருப்பவனையோ கேட்பாரே இல்லை. தினசரி அளவைத் தமிழில் எழுதித் தெருமுனையில் ஒட்டுவதற்கு என்ன செலவாகிவிடும் என்று கேட்கின்றோம்.