கைத்தறியின் சிறு உறுப்புகளும் நெசவாளியின் நட்டமும்

தறி என்றவுடன் பலர் நினைவிலும் தோன்றுவது அதன் மரச்சட்டமும் அதில் விரிந்து கிடக்கும் பாவுமேயாகும். ஆயினும் துணியின் தரத்தை நிர்ணயிப்பவை, பார்ப்போர் கண்ணில் எளிதில் படாத சிறு உறுப்புகளே. பாவிழைகளைச் சீரான இடைவெளியில் நிறுத்தி ஊடையை அடித்துச் செறிக்கும் அச்சு, இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும் விழுது, ஊடையைச் சுமந்து செல்லும் நாடா, நாடாவினுள் அமரும் தார் ஆகிய இந்நான்கும் செம்மையாக இல்லையெனில், கைதேர்ந்த நெசவாளியாலும் நல்ல துணி நெய்ய இயலாது. முன்பு கிடைத்தவை போன்ற உறுப்புகள் இப்போது கிடைப்பதில்லை என்னும் முறையீடு கைத்தறியை நம்பி வாழும் ஊர்களில் எழுகிறது. அது செவிசாய்த்தற்குரிய முறையீடு. ஏனெனில், உறுப்பின் குறையால் விளையும் நட்டம் அதைச் செய்தவரையோ விற்றவரையோ சாராமல், தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளியையே சாருகிறது.

எல்லைக் கிராமங்களின் நெசவு

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை வரை நீளும் நெய்யாற்றின்கரை வட்டம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை ராஜ்யத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ராஜ்ய எல்லை பிரிந்ததேயன்றித் தறியின் சொற்கள் பிரியவில்லை. அச்சு, பாவு, தார் என்பன எல்லைக்கு இருபுறமும் இன்றும் வழங்கும் சொற்களே. இவ்வட்டத்திலுள்ள பலராமபுரத்தின் நெசவு, திருவிதாங்கூரைப் பலராம வர்மர் ஆண்ட காலத்தில் (1798-1810), நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய நெசவாளர் சமூகத்தாரால் வேரூன்றியது என்பது வழிவழியாக வரும் வரலாறு.

குழித்தறியில் கையால் நாடாவை எறிந்து நெய்யப்படும் மெல்லிய வெண்துணியும் கசவுக்கரை வேட்டியும் சேலையும் இவ்வூரின் சிறப்பு. இத்துணிகளுக்குப் புவிசார் குறியீடும் வழங்கப்பட்டுள்ளது. அக்குறியீடு ஊரின் பெயரைப் பிறர் களவாடாமல் காக்கும்; பழுதுற்ற அச்சிலிருந்து துணியைக் காக்க அதனால் இயலாது. கசவு அசலா, போலியா என்று துணி வாங்குவோர் கேட்கின்றனர். அத்துணி எத்தகைய அச்சில் நெய்யப்பட்டது என்று கேட்பார் எவருமில்லை.

அச்சின் கணக்கு

சிறு உறுப்பின் குறை எவ்வாறு பெருங்கேடாக விளைகிறது என்பதை ஒரு கணக்கின் வாயிலாக அறியலாம். 2 அங்குல நீளத்தில் எத்தனை பற்கள் உள்ளனவோ, அதனையே அச்சின் எண்ணாகக் கொள்வது வழக்கு. 80-எண் அச்சில் அங்குலத்துக்கு 40 இடைவெளிகள் இருக்கும். ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு இழைகளைப் புகுத்தினால், துணியில் அங்குலத்துக்கு 80 இழைகள் அமையும். 48 அங்குல அகலமுள்ள பாவுக்கு 1,920 இடைவெளிகளும் 3,840 இழைகளும் வேண்டும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டரே. 100-ஆம் நம்பர் பருத்தி நூலின் குறுக்களவோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இத்துணை நுண்ணிய வேலையில் 1,920 பற்களுள் ஒன்று சாய்ந்து நின்றாலும், அதன் தடம் துணியின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடாக ஓடும். ஊடையில் நேரும் பிழை ஓரிடத்தோடு நின்றுவிடும். அச்சின் பிழையோ பாவு தீரும் வரை தொடரும். பல்லின் ஓரம் மழுங்காமல் பிசிறு நின்றால், அவ்வழியே செல்லும் இழை அடிக்கடி அறும். விழுதின் கண் கரடுமுரடாக இருந்தாலும், நாடாவின் மரம் பதப்படாமல் வெடித்துச் சிராய் எழுந்தாலும் விளைவு இதுவே.

இப்பகுதிக்கே உரிய மற்றொரு இடரும் உண்டு. முற்காலத்தில் மூங்கிலையும் நாணலையும் சீவி அச்சுப் பற்கள் செய்தனர். பின்னர்ப் பித்தளையும் எஃகும் வந்தன. கடற்காற்றும் நெடிய மழைக்காலமும் கொண்ட இந்நாட்டில் சாதாரண எஃகுக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். கஞ்சியிட்ட பாவின் ஈரமும் அதற்குத் துணை செய்யும். வண்ணத் துணியில் மறைந்துவிடக்கூடிய துருக்கறை, இவ்வூர் வெண்துணியில் பளிச்சென்று தெரியும். குரோமியம் கலந்த துருவேறா எஃகால் செய்த பற்கள் இக்குறையைத் தவிர்க்கும். ஆயின் பளபளப்பை மட்டும் கண்டு அதனை இனங்காண இயலாது. காந்தத்தால் சோதிப்பதும் நம்பத்தக்கதன்று; துருவேறா எஃகின் சில வகைகளைக் காந்தம் ஈர்க்கும்.

நட்டம் யாருக்கு?

கைத்தறி நெசவாளி பெறுவது நெய்த அளவுக்குக் கூலியேயன்றி நாட்கூலி அன்று. குறையுள்ள அச்சினால் நாளொன்றுக்கு 20 இழைகள் கூடுதலாக அறுகின்றன என்றும், ஒவ்வொன்றையும் முடிந்து சேர்க்க 2 நிமிடம் ஆகிறது என்றும் உதாரணத்துக்குக் கொள்வோம். 8 மணி நேர வேலையில் 40 நிமிடம் இவ்வாறு கழியும். பன்னிரண்டில் ஒரு பங்கு வேலை நேரம் கூலியின்றிப் போகிறது என்பது இதன் பொருள். கோடு விழுந்த துணியைச் சங்கம் தள்ளிவிட்டாலோ விலை குறைத்து எடுத்தாலோ அந்நட்டமும் சேரும். 2019-20-இல் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவுத் தொழிலில் ஈடுபட்டோர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்தம் குடும்பங்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கின் மாத வருமானம் ரூ. 5,000-க்கும் குறைவு. இத்தகைய குடும்பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்பது சிறு தொகை அன்று.

தரம் குன்றுவதற்கான காரணங்கள்

தறிகள் குறையக் குறைய, உறுப்புகளுக்குரிய சந்தையும் சுருங்குகிறது. அச்சுக் கட்டுவோரும் விழுது பின்னுவோரும் தம் மக்களை வேறு தொழிலுக்கு அனுப்புகின்றனர். எஞ்சியோர், வாங்குவோர் கேட்கும் குறைந்த விலைக்குள் வேலையை அடக்க வேண்டியிருப்பதால், கம்பியின் தரத்தையும் மெருகிடும் நேரத்தையும் குறைக்க நேர்கிறது. உறுப்பின்மீது செய்தவர் பெயரோ எண்ணோ பொறிக்கப்படாமையால், பல கை மாறி வந்த பொருளின் குறையை எவரிடம் சொல்வது என்பதும் தெரிவதில்லை.

இவற்றினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நெசவாளியின் திறமையே குறையை மறைத்துவிடுகிறது. பிசிறு நின்ற பல்லை அவர் தாமே தேய்த்துச் சரிசெய்கிறார். சாய்ந்த பல்லை நிமிர்த்துகிறார். சிராய் எழுந்த நாடாவுக்கு எண்ணெயிட்டு மெழுகுகிறார். துணி நன்றாகவே வெளிவருவதால் உறுப்பும் நன்றென்றே கணக்கில் ஏறுகிறது. மறுமுறையும் அதே பொருள் அதே விலைக்கு வாங்கப்படுகிறது. நெசவாளி செலவிட்ட உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை.

உறுப்பின் சீர்மை தொழில் முழுவதையும் உயர்த்தும் என்பதற்கு நெசவின் வரலாறே சான்று. 1733-இல் கயிற்றை இழுத்தால் தானே ஓடும் நாடாவுக்கு உரிமைப் பட்டயம் பெற்ற இங்கிலாந்து நாட்டு ஜான் கே, அச்சுத் தொழிலில் பயின்றவர்; நாணற் பற்களுக்கு மாற்றாக உலோகப் பற்களைச் செய்து விற்றவர். 1841-இல் அந்நாட்டு ஜோசப் விட்வொர்த், திருகாணிகளின் புரிகளுக்கு ஒரே அளவை வகுத்துரைத்ததன் பின்னரே, ஓரிடத்தில் செய்த ஆணி வேறிடத்து இயந்திரத்துக்குப் பொருந்துவது எளிதாயிற்று. நம் நாட்டில் 1947-இல் தோன்றிய இந்தியத் தர நிர்ணய நிறுவனமும், 1987 முதல் அதன் இடத்தில் பணிபுரியும் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இவ்வழியில் தரங்களை வகுத்துள்ளன. ஆனால் ஏட்டிலுள்ள தரம் கிராமத்துச் சங்கத்தின் கிடங்கு வாயில் வரை வந்து சேர்ந்தாலன்றிப் பயன் இல்லை.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

ஏழை நெசவாளிக்கு மலிவான உறுப்பே ஏற்றது என்றும், சோதனை கடுமையானால் எஞ்சியுள்ள அச்சுத் தொழிலாளரும் ஒழிந்துபோவர் என்றும் சிலர் கூறுவர். இரண்டாவது கூற்றில் நியாயம் உண்டு. ஆதலால் சோதனையோடு நியாயமான விலையும் சேர்ந்தே வரவேண்டும். முதற்கூற்று கணக்கில் நில்லாது. ரூ. 1,000 விலையுள்ள ஓர் அச்சு 500 மீட்டர் நல்ல துணிக்கும், ரூ. 1,500 விலையுள்ள மற்றொன்று 1,500 மீட்டர் நல்ல துணிக்கும் உழைக்குமாயின், முன்னதற்கு மீட்டருக்கு ரூ. 2-உம் பின்னதற்கு ரூ. 1-உமே செலவாகும். இத்தொகைகள் விளக்கத்துக்காகக் கூறப்பட்டவை. கணக்கிடும் முறையே இங்குக் கருதத்தக்கது. உறுப்பின் விலையைப் பார்த்து வாங்குவது தவறு. அது தரும் நல்ல துணியின் மீட்டர் கணக்கைப் பார்த்து வாங்குவதே முறை.

செய்யத்தக்கவை

விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, வாங்கும் இடத்திலேயே சில சோதனைகளைச் செய்யலாம். அச்சின் இரு ஓரங்களிலும் நடுவிலுமாக மூன்று இடங்களில் அளவுகோலை வைத்து, 2 அங்குலத்துக்குரிய பற்களை எண்ணுக. மூன்றும் ஒத்திருத்தல் வேண்டும். சன்னலின் ஒளிக்கு எதிரே அச்சைப் பிடித்தால், சாய்ந்த பல்லின் அருகே ஒளிக்கீற்று அகன்றோ குறுகியோ தெரியும். சிறிது பஞ்சை எடுத்துப் பற்களின் மீதும், நாடாவின் உடல் மீதும் மெல்லத் தடவினால், பிசிறுள்ள இடத்தில் பஞ்சு சிக்கும். அச்சுடன் மாதிரிக் கம்பித் துண்டொன்றையும் கேட்டு வாங்கி, ஓர் இரவு உப்புநீரில் நனைத்து வைத்துப் பார்த்தால், துருவேறும் எஃகு தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பள்ளி ஆசிரியர்கள் இச்சோதனைகளை மாணவர்க்கு விஞ்ஞானப் பாடமாகவே நடத்தலாம். அளத்தல், சராசரி காணல், உலோகம் துருவேறும் இயல்பு ஆகியவற்றுக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நெசவூரில் கிடைத்தல் அரிது. கள ஊழியர்கள் சங்கந்தோறும் ஒரு சிறு பதிவேடு திறக்கச் செய்யலாம். உறுப்பு வந்த நாள், தந்தவர் பெயர், முதல் வாரத்தில் அறுந்த இழைகளின் எண்ணிக்கை, நெசவாளி அதனைச் சீர்செய்யச் செலவிட்ட நேரம் ஆகிய நான்கே அதில் இடம்பெற்றாற் போதும். இதுகாறும் கணக்கில் வராத உழைப்பு அப்போது கணக்கில் வரும். விற்பவரிடம் பேசுவதற்குச் சங்கத்தின் கையில் ஆதாரமும் இருக்கும்.

அரசாங்கத்தின் கடமையும் இதில் உண்டு. தறிகளையும் உறுப்புகளையும் புதுப்பித்துக்கொள்ள, 2016-இல் வகுக்கப்பட்ட மத்திய அரசின் திட்டம் செலவில் 90 விழுக்காட்டை ஏற்றது. இத்தகைய பொதுப்பணம் செலவாகுமிடத்து, பொருள் வந்து சேர்ந்ததற்கான கையொப்பம் மட்டும் போதாது. தறியில் பூட்டி ஒரு பாவு நெய்து பார்த்த பின்னர் நெசவாளி தரும் ஒப்புதலையும் பணம் வழங்குவதற்குரிய நிபந்தனையாக்க வேண்டும். சேலத்திலும் கண்ணூரிலும் உள்ள கைத்தறித் தொழில்நுட்ப நிலையங்கள், அச்சுக் கட்டும் கலையில் இளைஞர்க்குப் பயிற்சி தருவதைத் தம் பணிகளுள் ஒன்றாகக் கொள்வதும் நலம்.

கைத்தறியைக் காப்பது பற்றிப் பேசும்போது நூல், சாயம், சந்தை, கடன் என்பவற்றையே பெரிதும் எடுத்துரைக்கிறோம். அவை யாவும் வேண்டுவனவே. எனினும் அவை அனைத்தும் வந்து கூடும் இடம் தறியில் உள்ள அச்சே. அதன் 1,920 பற்களும் நேராக நிற்கச் செய்யும் பொறுப்பை நெசவாளி ஒருவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு, அவர் மக்கள் ஏன் தறிக்கு வருவதில்லை என்று வினவுவது நியாயம் ஆகாது.