அரக்குத் தட்டில் கிடக்கும் நம் பாட்டு

இடைசெவலில் சென்ற மாதம் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பழைய செட்காரர் என் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார். கல்யாண வீட்டுக்கும் கோவில் கொடைக்கும் குழாய் கட்டி ரிக்கார்டு போட்டவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பரணிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே, பழைய வேட்டித் துணி சுற்றிய கிராமபோன் தட்டுகள்.

"தம்பி, இதை விலைக்குக் கேட்டு ஒருத்தன் வந்தான். நீங்க என்ன சொல்லுதீங்க?" என்றார்.

தோழர்களே, அன்று அவரிடம் சரியாகச் சொல்லத் தெரியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பெட்டியில் மேலாக இருந்த தட்டு 1960இல் வெளிவந்த "பாதை தெரியுது பார்" படத்தினுடையது. இளைய தோழர்களில் பலர் இந்தப் பெயரையே கேட்டிருக்க மாட்டார்கள். தொழிலாளர் வாழ்வைச் சொல்ல இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த படம் அது. நாட்டுப் பிரிவினையின் அகதிகளைப் பற்றி வங்காளத்தில் "சின்னமூல்" எடுத்த நிமாய் கோஷ் இயக்கினார், எம். பி. சீனிவாசன் இசையமைத்தார். கட்சி அச்சகத்தில் வேலை பார்த்து வளர்ந்த ஜெயகாந்தன் ஒரு பாட்டு எழுதினார், தோழர் கே. சி. எஸ். அருணாசலம் ஒன்று எழுதினார். பட்டுக்கோட்டையின் பாட்டும் உண்டு; ஆனால் 1959லேயே, 29 வயதில், அவர் போய்விட்டார். படத்தைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

படம் கொட்டகையில் ஓடவில்லை. பாட்டு ஓடியது! எப்படி ஓடியது? பட முதலாளிகளின் தயவாலா? இல்லை. இந்தச் செட்காரரைப் போன்றவர்கள் சைக்கிள் காரியரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரிசல் காட்டுப் பாதையில் ஊர் ஊராகப் போனதால் ஓடியது. ஜெயகாந்தனின் ஊஞ்சல் பாட்டை ஸ்ரீநிவாசும் ஜானகியும் பாடியது பருத்தி எடுத்துத் திரும்பும் பெண்களின் காதில் விழுந்தது வேப்பமரத்துக் குழாய் வழியாகத்தான். அந்த ஒரு பாட்டை இன்றும் பலர் முணுமுணுக்கிறார்கள். கூடப் பிறந்த மற்றப் பாட்டுகளைத் தேடித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தட்டு என்பது என்ன? அரக்கும் கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தியது. சோட்டா நாகபுரிக் காடுகளில் பலாச மரத்திலும் குசும்ப மரத்திலும் பூச்சி வைக்கும் அரக்கை ஆதிவாசி மக்கள் சுரண்டி எடுத்தார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் தொழிலாளர்கள் தட்டாக்கினார்கள். லாபம் லண்டன் கம்பெனிக்குப் போனது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூட. கை தவறினால் அப்பளம் போல நொறுங்கும். இரும்பு ஊசி ஓடும் ஒவ்வொரு தடவையும் கோடு கொஞ்சம் தேயும். பாட்டைக் கேட்கக் கேட்கப் பாட்டு அழியும்.

இப்போது பட்டணத்தில் பழைய தட்டுக்கு மவுசு வந்திருக்கிறது. வரட்டும், குற்றமில்லை. ஆனால் வியாபாரி நம் ஊரில் அற்ப விலைக்கு வாங்கிப் போவது எங்கோ ஒரு மாடி வீட்டின் கண்ணாடி அலமாரிக்குள் ஏறிக்கொள்கிறது. பாட்டு பிறந்தது யாருக்காக, போய்ச் சேர்வது எங்கே?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. இங்கிருந்து எட்டிப் பார்க்கிற தூரத்திலிருக்கும் எட்டயபுரத்துப் பாரதியின் பாட்டை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை ஒரு காலத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. பாரதி பாட்டு நாட்டுக்குச் சொந்தம் என்று தோழர் ஜீவாவும் நாடகக் கலைஞர் டி. கே. சண்முகமும் இன்னும் பலரும் குரல் கொடுத்தார்கள். 1949இல் சென்னை சர்க்கார் அதைப் பொதுவாக்கியது. செட்டியார் காசு வாங்காமல் விட்டுக்கொடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சட்டமும் இன்று பாதி நம் பக்கம் இருக்கிறது. தட்டில் பதிந்த ஒலிக்கு உரிமை வெளியான பின் 60 ஆண்டுதான். ஆகவே 1960இல் வந்த தட்டின் ஒலி பொதுவாகிவிட்டது. எழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு கணக்கு. அவர்கள் மறைந்தபின் 60 ஆண்டு. அங்கே வாரிசுகளிடம் முறையாகக் கேட்க வேண்டும். உழைத்தவன் பங்கைப் பறிப்பது நம் வழக்கமல்ல.

கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் இது. இருவரும் சங்கீதப் பைத்தியம். அப்படிப்பட்ட ஊரிலேயே தட்டுப் பெட்டி பரணில் கிடக்கிறதென்றால் மற்ற ஊர்களில் என்னவெல்லாம் கிடக்கும்? கிட்டப்பா தட்டு இருக்கலாம், தேர்தல் பாட்டு இருக்கலாம், ஒரு வாரம்கூட ஓடாத படத்தின் பாட்டு இருக்கலாம். சங்கக் கிளைகள் அந்தந்த ஊர்ச் செட்காரர் வீட்டுக்குப் போய்க் கேட்டு ஒரு பட்டியல் எடுக்க எத்தனை நாளாகும்? தட்டு அவரிடமே இருக்கட்டும். பாட்டை மட்டும் பிரதி எடுப்போம். அதற்கு வேண்டிய கருவி இன்று ஓர் இளைஞனின் மேஜையில் அடங்கிவிடும்.

செட்காரர் பெட்டியை விற்கவில்லை. மொத்தம் பத்தொன்பது தட்டு, இரண்டில் விரிசல். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு தோழரின் மகன் வருகிற ஞாயிற்றுக்கிழமை கருவியோடு வருகிறான். விரிசல் விழுந்த இரண்டையும் முதலில் எடுக்க வேண்டும் என்று பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.