மெனுவை போட்டோவாகப் போட்டால் யார் வெளியே நிற்கிறார்கள்?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் முடித்துவிட்டு வருகிறீர்கள். கால் வலி, நல்ல பசி. மொபைலை எடுத்து, பக்கத்தில் எந்த ஹோட்டல் திறந்திருக்கு என்று தேடுகிறீர்கள். ஒரு ஹோட்டலின் இணையதளம் வருகிறது. மெனு, விலை, நேரம் எல்லாம் பார்த்து அரை நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறீர்கள்.

இதே இடத்தில் பார்வையற்ற ஒருவர் இருப்பதாக நினைத்துப் பாருங்கள். அவரிடமும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்', ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்' என்ற வசதி, திரையில் இருக்கும் எழுத்தைப் படித்துச் சொல்லும். ஆனால் ஹோட்டல்காரர் மெனு கார்டை போட்டோ எடுத்து அப்படியே ஏற்றியிருக்கிறார். போன் 'படம்' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. பொங்கல் இருக்கா, தோசை என்ன விலை, எதுவும் தெரியாது.

பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் சொல்லமாட்டார்களா? சொல்வார்கள்தான். ஆனால், தன் பையில் இருக்கும் காசுக்கு என்ன சாப்பிடலாம் என்பதைக்கூட ஒவ்வொரு முறையும் அடுத்தவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அது சின்ன விஷயமா?

பீட்சாவுக்காக ஒரு வழக்கு

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போனது. கியெர்மோ ரோப்லெஸ் என்ற பார்வையற்றவர், டோமினோஸ் இணையதளத்திலும் ஆப்பிலும் திரைவாசிப்பானைக் கொண்டு பீட்சா ஆர்டர் செய்ய முடியவில்லை என்று 2016இல் வழக்குப் போட்டார். கடைக்குள் வருவதற்கான வழியாக இணையதளமும் ஆப்பும் இருப்பதால், மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவற்றுக்கும் பொருந்தும் என்று 2019 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. டோமினோஸ் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மனுவை விசாரணைக்கு எடுக்க 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

நம்ம சட்டம் என்ன சொல்லுது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 நம்மிடம் இருக்கிறது. அதன் 46ஆவது பிரிவு, சேவை தருபவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. இணையதளம், ஆப் போன்றவற்றுக்கென்றே ஐ.எஸ். 17802 என்ற இந்தியத் தர அளவுகோலும் இருக்கிறது.

இவை வெறும் ஆலோசனைகளாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஏப்ரலில் பிரக்யா பிரசூன் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். கண் மங்கிய, கை நடுங்கும் பெரியவர்கள் பலர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

ரொம்ப செலவாகுமா?

ஆகாது. சின்ன ஹோட்டலின் தளத்தில் வேண்டிய திருத்தங்கள் பலவும் ஒரு நாள் வேலைதான்.

• மெனுவை எழுத்தாக டைப் செய்யுங்கள். மேஜையில் ஒட்டும் க்யூஆர் கோடும் அந்தப் பக்கத்துக்கே போகட்டும். 'இப்போதான் போனே போட்டோவைப் படிக்குதே' என்பார்கள். படிக்கும். ஆனால் எந்த விலை எந்தப் பதார்த்தத்துக்கு என்பது பல நேரம் குழம்பிவிடும்.

• ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் கொடுங்கள். வெறும் 'பட்டன், பட்டன்' என்று போன் சொன்னால், ஆர்டர் செய்வது எது, ரத்து செய்வது எது?

• வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் வேறுபாடு இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவுகோல். விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதைத் தடுக்காதீர்கள்.

• டேபிள் புக்கிங்குக்கு போன் நம்பர் மட்டும் போதாது. காது கேளாதவருக்கு வாட்ஸ்அப் வழியும் வேண்டும்.

• வாசலில் எத்தனை படி, சாய்தளம் இருக்கா, சக்கர நாற்காலி கழிப்பறைக்குள் போகுமா என்று தளத்திலேயே எழுதுங்கள். இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும் அலைச்சலாவது மிச்சம்.

ஹோட்டல்காரருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. தளத்தைச் செய்து கொடுக்கும் ஐ.டி. இளைஞருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் இதைச் செய்து கொடுப்பதுதான் தொழில் நேர்மை.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. டாக்பேக்கை ஆன் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் செய்த தளத்தில் மசால் தோசையின் விலையைக் கண்டுபிடியுங்கள். முடியவில்லை என்றால், அந்த வேலை இன்னும் முடியவில்லை.