கொத்தனார் பெயரில் ஒரு கூடம்

கொத்துக்கரண்டி பிடித்த கைக்கும் ஆராய்ச்சிக் கூடத்துக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உண்டு, தோழர்களே!

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்திலே ஜான் ஃபோகார்ட்டி என்றொரு கொத்தனார் இருந்தார். செங்கல் அடுக்கியவர், கொத்தனார் சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர். 1941-ல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் நுழைந்தார். 1967-ல் கண்மூடும்வரை அங்கே இருந்தார். பணம் ஒதுக்கும் குழுவிலே அமர்ந்து, மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம், மேலும் பணம் என்று வாதாடினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1968-ல், உலக நாடுகளுடன் சேர்ந்து ஆராயும் மையம் ஒன்று அவர் பெயரால் எழுந்தது. மாளிகைவாசியின் பெயரல்ல, கொத்தனாரின் பெயர்!

அந்த ஃபோகார்ட்டி மையம் 1995-ல் ஒரு திட்டம் தொடங்கிற்று. தொழிலாலும் சுற்றுச்சூழலாலும் விளையும் நோய்களை ஆராய, ஏழை நாடுகளின் மருத்துவர்களையும் விஞ்ஞானிகளையும் பழக்குவது. பழகியவர் தம் மண்ணிலேயே ஆராய்ச்சி வளர்ப்பது. இதுவே அதன் நோக்கம்.

2025-ல் நடந்தது என்ன? அமெரிக்க ஆட்சியாளர், 2026-ஆம் நிதியாண்டுக்கான வரவு-செலவுத் திட்டத்திலே, அந்த மையத்தையே மூடிவிட முன்மொழிந்தனர். அதே ஆண்டு மே மாதம், அமெரிக்க மானியத்திலிருந்து அயல்நாட்டுக் கூட்டாளிகளுக்குப் பங்கு பிரித்துத் தரும் பழைய முறையும் நிறுத்தப்பட்டது. முன்மொழிவு வேறு, முடிவு வேறு. பணப்பையின் கயிறு பாராளுமன்றத்தின் கையில்தான். ஆயினும், ஒரே பேனாக் கீற்றில் அழிக்கத்தக்கது இது என்று நினைத்தார்களே, அதுவன்றோ ஆபத்து!

"படித்தவர் பாடு, பாட்டாளிக்கென்ன?" என்பீர்கள். எல் சால்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களைப் பாருங்கள். நீரிழிவு இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை. ஆனாலும் வாலிப வயதிலே சிறுநீரகம் செத்துப்போயிற்று. விதி என்றனர் சிலர், குடி என்றனர் சிலர். எல் சால்வடோர் மருத்துவர்கள் தம்மிடம் வந்த நோயாளிகளைக் கணக்கெடுத்து, 2002-ல் எழுதி வெளியிட்டனர். பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கொளுத்தும் வெயில், ஓயாத உழைப்பு, வற்றிப்போன உடல்நீர் ஆகியவை பெருங்காரணம் என்று ஆய்வுகள் காட்டின. பூச்சிமருந்து போன்ற பிற காரணங்களும் ஆராயப்படுகின்றன. தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் வயலுக்குக் கொண்டுபோகும் முயற்சி பிறந்தது. கணக்கெடுக்க ஆள் இல்லாதிருந்தால், பழி இன்றும் குடியின் தலையில்தான்!

தமிழ்நாட்டு உப்பளங்களுக்கும் அந்தக் கேள்வி வந்தது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அங்கே வெப்பத்தை அளந்தார்கள். உழைப்பவரின் சிறுநீரகத்தையும் சோதித்தார்கள். பெரும்பாலோர் வரம்பு மீறிய வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. உப்பு விளைவிப்பவன் உடம்பைப் பற்றி ஏட்டிலே எழுத்து ஏறியது.

உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 2023-ல் தந்த கணக்கு: வேலையின் காரணமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் சாகிறார்கள். அவர்களில் 26 லட்சம் பேர் விபத்தில் அல்ல, நோயில் சாகிறார்கள்! சாரம் சரிந்தால் ஊர் கூடும். நுரையீரல் சரிந்தால் யார் கூடுவார்? இழப்பீடு கேட்டால் "சான்று எங்கே?" என்பார் முதலாளி. அந்தச் சான்றைத் தேடித் தருபவனே பயிற்சி பெற்ற ஆராய்ச்சியாளன்.

அயலார் அறிவு தந்தால் வாங்குவோம்; நன்றி சொல்வோம். ஆனால் அவர் வீட்டு எண்ணெயிலேயே நம் வீட்டு விளக்கு எரியலாமா? அவர் மனம் மாறினால் இருட்டுத்தானே! கூலி உயர்வு கேட்கும் சங்கம், போனசு கேட்கும் சங்கம், இனி இதையும் கேட்கட்டும்: தொழில்நோய் ஆராய்ச்சிக்குச் சர்க்கார் பணம் எவ்வளவு? முதலாளியின் பங்கு எவ்வளவு? நம் ஆலையின் தூசியை அளக்க வருபவர் யார், என்றைக்கு வருவார்?